கூரைமேல் ஒரு கூட்டம்: மட்டக்களப்பு, அம்பாறையில் காட்டுவிலங்குகளின் நடத்தையை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் குரங்கு என்றதும் வாயில் வருவது முறைப்பாடுதான். ஓடு உடைந்தது, குரும்பை போனது, காயப்போட்ட உடுப்பைக் காணவில்லை. அம்பாறைப் பக்கம் போனால் யானை. அங்கே முறைப்பாட்டை முந்திக்கொண்டு பயம் வரும். ஆனால் யார் யாரோடு சேர்கிறது, யார் யாருக்கு விலகுகிறது, எது எதை யாரிடம் கற்றது என்று கேட்கத் தொடங்கினால், உலகத்துப் பல்கலைக்கழகங்கள் காசு செலவழித்துத் தேடிப் போகிற விஷயம் நம் வளவுக்குள்ளேயே நடமாடுகிறது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவர்கள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ பட்டப்படிப்பு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள், வெறும் ஆர்வத்தில் ஒரு கொப்பியோடு உட்காரத் தயாரானவர்கள், எல்லோரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது செய்கிற விலங்கையே எழுதுகிறார்கள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த விலங்கை எழுதுவதில்லை. கற்றல், பண்பாடு என்று நாளைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் இன்றைக்கே அந்த இரண்டாவது விலங்கு கொப்பியில் இருக்க வேண்டும்.

எந்த விலங்கு?

என் தெரிவு செங்குரங்கு. உச்சந்தலை மயிர் வட்டமாகப் படர்ந்து தொப்பி மாதிரி நிற்குமே, அது. இலங்கையில் மட்டும் இருக்கும் இனம். அறிவியல் பெயர் மக்காக்கா சினிக்கா. பகலில் நடமாடும், தரைக்கு இறங்கும், முகம் ஒன்றுக்கொன்று வேறுபடும். அடிப்படை வேலையும் ஏற்கெனவே நடந்திருக்கிறது. பொலன்னறுவைப் பழைய நகரத்தில் வொல்ஃப்காங் டிட்டஸ் 1968இல் தொடங்கிய ஆய்வு, தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியே அடையாளம் கண்டு தொடர்ந்தது. பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும்; ஆண் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும்; கூட்டத்துக்குள் தாய்க்குள்ள தரம் மகளுக்கு வரும். வீடும் வளவும் மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு என்று வாழ்கிற நம் ஊரில் இதை விளக்க அதிகம் பேசத் தேவையில்லை.

சாம்பல் நிற உடம்பும் கறுத்த முகமும் நீண்ட வாலுமாக மரத்தில் உயர இருப்பது மந்தி. பெரும்பாலும் இலையும் காயும் தின்னும், நீண்ட நேரம் ஒரே இடத்தில் இருக்கும். யார் யாருக்குப் பேன் பார்க்கிறது என்று எழுதிப் பழக நல்ல விலங்கு. காகம் கெட்டிக்காரப் பறவைதான், ஆனால் வளையம் போடாமல் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிவது பெரும்பாடு. பிடித்து வளையம் போட அனுமதி வேண்டும்.

யானையைத் தனியாளாகத் தொடங்காதீர்கள். லகுகலைக் குளத்துப் புல்லுக்கு இறங்கும் கூட்டங்களும், கல்லோயாவில் சேனநாயக்க சமுத்திரத்துத் தீவுகளுக்கு நீந்திப் போகும் யானைகளும் ஆசை காட்டும். ஆனால் அது வாகனமும் படகும் திணைக்கள அலுவலரும் கூட இருக்க வேண்டிய வேலை.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

“குரங்குகளின் அறிவு” என்பது கேள்வி ஆகாது. “கோயில் குழாயைத் திறக்கத் தெரிந்தவை எத்தனை, அவை ஒரே தாய் வழியா?” என்பது கேள்வி. “மடியில் குட்டி உள்ள பெண்ணுக்கு மற்றவை அதிகமாகப் பேன் பார்க்கின்றனவா?” என்பதும் கேள்வி. சமூக நடத்தையிலிருந்து தொடங்குங்கள். அறிவும் பண்பாடும் அப்புறம். யார் யார் என்று தெரியாமல், யார் யாரிடம் கற்றார் என்று சொல்ல முடியாது.

அனுமதி

தேசிய பூங்கா, சரணாலயம் என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். ஒதுக்குக் காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். பல்கலைக்கழக மாணவருக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் சேரும். பிடிப்பது, மயக்குவது, கழுத்துப்பட்டி கட்டுவது, இரத்தமோ மயிரோ எடுப்பது எதுவும் அனுமதியில்லாமல் நடக்கக்கூடாது. ட்ரோனுக்கு சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் விதிகள் தனியாக உண்டு. குரங்குக்கு மேலே ட்ரோன் விட்டால் நீங்கள் பதிவது ட்ரோனுக்குப் பயப்படும் குரங்கைத்தான், அதனால் விட்டுவிடுங்கள்.

கடிதம் இல்லாத அனுமதிகளும் உண்டு. கோயில் வளவென்றால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் சொல்லுங்கள். வயல்வெளியென்றால் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டவிதானையாரிடம். கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு வார்த்தை. பைனாகுலரோடு ஒருவர் விடியற்காலையில் மதில் பக்கம் நின்றால் நம் ஊரில் யாருக்கும் சந்தேகம் வரும், அதில் பிழையில்லை. படைமுகாம் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

பழக விடுங்கள், தின்னக் கொடுக்காதீர்கள்

ஒரே நேரத்துக்கு, ஒரே நிற உடுப்போடு, ஒரே பக்கத்திலிருந்து போங்கள். முதலில் தூரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட. நேராகக் கண்ணைப் பார்க்கக்கூடாது. வாயைத் திறந்தபடி முறைப்பது இவற்றிடையே மிரட்டல். நீங்கள் வந்ததும் அவை தலை நிமிர்வதும் இடம் மாறுவதும் குறைந்து, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்ந்தால் பழகிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

கச்சான், பணிஸ், வாழைப்பழம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். சாப்பாடு ஓரிடத்தில் குவிந்தால் சண்டை கூடும், பலமானவை முன்னுக்கு வரும், நீங்கள் பார்ப்பது நீங்களே உண்டாக்கிய நிலைமையாகிவிடும். நோயும் இரண்டு பக்கமும் தொற்றும். அப்புறம், நீங்கள் ஆய்வை முடித்துப் போன பிறகும் அவை மனிதக் கையைத் தேடி வரும். அடி வாங்கப்போவது அவைதான்.

ஆளடையாளம்

இதைச் சரியாகச் செய்யாத ஆய்வில் மிச்சமெல்லாம் வீண். ஒவ்வொரு குரங்குக்கும் கொப்பியில் ஒரு முழுப்பக்கம். மேலே முகத்தின் கோட்டுப்படம், இரண்டு காதும் தனித்தனியாக. காதோரத்தில் வெட்டு எங்கே, எத்தனை, மேலுதடு கிழிந்ததா, முகத்தில் சிவப்பு எவ்வளவு, கறுப்புப் புள்ளி எந்தக் கன்னத்தில், விரல் குறைந்ததா, வால் நுனி வளைந்ததா. பெண்ணானால் முலைக்காம்பின் நீளமும் நிறமும் எழுதுங்கள், குட்டி பெற்றதா இல்லையா என்பதை அது காட்டும். ஒரே ஒரு அடையாளத்தை நம்பக்கூடாது. புண் ஆறும், மயிர் முளைக்கும். காது வெட்டு நிற்கும்.

பெயர் வையுங்கள். இலக்கத்தைவிடப் பெயர் மனதில் நிற்கும். கோணவால், ஒற்றைக்காது, கீறல் என்று உடம்பை வைத்துச் சூட்டினால் உதவியாளருக்கும் சுலபம். “கிழவி”, “ரவுடி” என்று குணத்தை வைத்துச் சூட்டினால் பிறகு அந்தக் குணத்தைத்தான் கண் தேடும். அயல்வீட்டுக்காரரின் பெயரையும் வைக்க வேண்டாம், அது வேறு பிரச்சினை.

இரண்டு பேர் தனித்தனியாக ஒரே கூட்டத்தைப் பார்த்து யார் யார் என்று எழுதி ஒப்பிடுங்கள். இருவரும் ஒத்துப்போகும்வரை ஆய்வு தொடங்கவில்லை என்றே அர்த்தம். யானையிலும் இதே முறைதான்: காது மடிப்பு, காதிலுள்ள ஓட்டை, வெளிறிய திட்டு, வால் மயிர். இலங்கையில் ஆண்களிலும் கொம்பன் சிறுபான்மை, பெரும்பாலானவை அலியன். ஆகவே கொம்பை வைத்து அடையாளம் காண்பது எல்லா இடத்திலும் உதவாது.

நடத்தைப் பட்டியல்

எதை எந்தப் பெயரில் எழுதுவது என்று முன்கூட்டியே வரையறுங்கள். “சண்டை” என்றால் எனக்கு ஒன்று, உங்களுக்கு வேறொன்று. அதை உடையுங்கள்: வாய் திறந்து முறைத்தல், பாய்தல், துரத்தல், கடித்தல். இடம்விடல் என்று ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். ஒன்று கிட்ட வந்ததும் மற்றது சத்தமில்லாமல் எழுந்து போவது. கண்ணில் படாத இந்தச் சின்ன அசைவுதான் யார் மேலே யார் கீழே என்பதை மற்ற எதைவிடவும் தெளிவாகச் சொல்லும். பேன் பார்த்தலுக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும்: கை நின்று 30 விநாடி கடந்தால் அடுத்தது புதிய தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.

கோபம், பொறாமை, வஞ்சம் ஆகிய மூன்று சொல்லும் களக்கொப்பியில் வரவே கூடாது. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் எழுதுங்கள், அதற்குத் தடையில்லை.

எப்படிப் பார்ப்பது

ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தத் துறைக்கு ஒழுங்கைக் கொடுத்தது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினால் பெரிய ஆணும் சத்தமான சண்டையும் கொப்பியை நிரப்பும், ஓரத்தில் அமைதியாக இருக்கிற பெண் காணாமல்போகும் என்பது அவர் காட்டிய சிக்கல். அதற்கு இரண்டு மாற்று. ஒன்று, தனியாள் பதிவு: சீட்டுக் குலுக்கி எடுத்த ஒரு குரங்கை 10 நிமிடம் விடாமல் பின்தொடர்வது, அது தூங்கினாலும் சரி. மற்றது, நோட்டப் பதிவு: 15 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தை இடமிருந்து வலமாகப் பார்த்து, அந்தக் கணத்தில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, பக்கத்தில் யார் என்று குறிப்பது.

ஒரு தனியாள் பதிவு இந்த மாதிரி இருக்கும்:

06.40 கீறல், வேம்பு, கீழ்க்கொப்பு. உட்கார்ந்திருக்கிறது. 2 மீற்றருக்குள் கோணவால்.
06.42 கோணவால் → கீறல் பேன் பார்த்தல், தோள்.
06.44 ஒற்றைக்காது வருகிறது. கோணவால் இடம்விடல்.
06.45 கீறல் குழாய்க்கு இறங்கல். கைப்பிடியை வலக்கையால் இழுத்தல். தண்ணீர் வந்தது. பார்த்தவை: கோணவால் (1 மீ, முகம் குழாய்ப்பக்கம்), குட்டி (தாய் மடி, முகம் வேறுபக்கம்).

கடைசி வரிதான் நான் முதலில் சொன்னது. தூரம், முகம் எந்தப் பக்கம் என்ற இரண்டும் போதும். “கவனமாகப் பார்த்தது” என்று எழுத வேண்டாம். தொலைபேசியில் வீடியோ எடுத்தால் அதே இரண்டையும் ஆறுதலாகச் சரிபார்க்கலாம். ஆனால் வீடியோ எடுத்தோமே என்று எழுதாமல் விட்டால், பிறகு எந்தக் குரங்கு எது என்று திரையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பார்க்கும் நேரத்தை நாள் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். காலை வசதியென்று காலையில் மட்டும் போனால், கூட்டம் காலையில் மட்டும் வாழ்வதாகத்தான் முடிவு வரும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை நாள்களை வீணாகும் என்று கணக்கிட்டே அட்டவணை போடுங்கள்.

எண்ணும் கணக்கும்

தரவரிசைக்கு ஒரு சதுர அட்டவணை: இடப்பக்கம் வென்றது, மேலே தோற்றது, உள்ளே எத்தனை தடவை. பெரும்பாலும் வரிசை தானாகவே தெரியும். உறவுக்கு ஒரு எளிய பின்னம். கீறலும் கோணவாலும் நோட்டங்களில் 12 தடவை சேர்ந்து, கீறல் மட்டும் 18, கோணவால் மட்டும் 10 என்றால் 12ஐ 40ஆல் வகுக்க 0.30. எல்லாச் சோடிக்கும் இதைப் போட்டுக் கோடு வரைந்தால் சமூக வலை. தற்செயலாகவும் இப்படி வருமா என்று பார்க்க, ஆர் (R) என்ற இலவச மென்பொருளில் பெயர்களைக் கலைத்துப் போட்டு ஆயிரம் தடவை திரும்பக் கணக்கிடலாம்.

அறிவைச் சோதிப்பது

காட்டில் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒலியை வைத்துச் செய்தவை. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளின் எச்சரிக்கைக் குரல்களைப் பதிவுசெய்து, ஆபத்து எதுவும் இல்லாத நேரத்தில் ஒலிபரப்பினார்கள். சிறுத்தைக் குரலுக்கு மரமேறின, கழுகுக் குரலுக்கு மேலே பார்த்தன, பாம்புக் குரலுக்குத் தரையைப் பார்த்தன. 1980இல் வெளிவந்த முடிவு. அதே அம்போசெலியில் யானைகளுக்கு மனிதக் குரல்களைக் கேட்கவிட்டார்கள். மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் வரும் மோதலில் சிலவேளை யானையை ஈட்டியால் குத்தும் மசாய் ஆண்களின் பேச்சுக்கு அதிகமாக அஞ்சி ஒன்றுசேர்ந்தன, கம்பா இனத்து ஆண்களின் பேச்சுக்கு அவ்வளவு இல்லை. 2014இல் இது வந்தபோது நான் நினைத்தது நம் சேனைக்காவலரைத்தான்: பரணில் இருந்து கத்துகிற குரலையும் வெடியையும் நம் பக்கத்து யானை எப்படிப் பிரிக்கிறது என்று யாராவது முறையாகக் கேட்கலாம்.

அனுமதியில்லாமல் ஒலிபரப்பவோ புதிர்ப்பெட்டி வைக்கவோ வேண்டாம். அதற்குப் பதில், தானாக நடக்கும் மாற்றங்களைப் பயன்படுத்துங்கள். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் உகந்தை முருகன் கோயில் பக்கம் ஆயிரக்கணக்கானோர் தங்குகிறார்கள், பிறகு வெறிச்சோடுகிறது. அதற்கு முன், அப்போது, பிறகு என்று மூன்று தடவை ஒரே கூட்டத்தைப் பதிந்தால் நல்ல ஒப்பீடு. ஊரில் குப்பைத்தொட்டிக்குப் புதுமூடி போட்ட நாளும் அப்படித்தான். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் மேய்வது இன்னொன்று. ஆனால் அது வேடிக்கைக்கான இடமல்ல: பிளாஸ்டிக் தின்றதால் எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கே இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது.

லொயிட் மோர்கன் 1894இல் சொன்ன விதி ஒன்று உண்டு. எளிய விளக்கம் போதுமான இடத்தில் உயர்ந்த விளக்கத்தைத் தேடாதே. குழாயைத் திறக்கிற குரங்குக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டியதில்லை. இழுத்தால் வரும் என்று தற்செயலாகப் பழகினாலே போதும். இரண்டில் எது என்று பிரிக்க, கைப்பிடி வேறு மாதிரியுள்ள குழாயில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பண்பாடு

ஒரு பழக்கம் ஒன்றிடமிருந்து மற்றதுக்குப் பார்த்துப் பரவி, கூட்டத்தில் நிலைத்தால் அதைப் பண்பாடு என்கிறார்கள். கோஷிமா தீவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். யப்பானில் 1953இல் இமோ என்று பெயரிட்ட இளம் பெண் குரங்கு வற்றாளைக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்னத் தொடங்கியது. தாயும் கூட விளையாடியவையும் முதலில் பழகின, வயதான ஆண்கள் பழகவில்லை. பாடப்புத்தகம் அநேகமாகச் சொல்லாத பக்கம்: அந்தக் கிழங்கைப் போட்டதே ஆய்வாளர்கள். பழக்கம் மெல்லப் பரவியதால், ஒவ்வொன்றும் தானாகவே கண்டுபிடித்திருக்கலாமே என்று பின்னர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஆகவே பண்பாடு என்று சொல்லுமுன் மூன்று சந்தேகத்தை ஒழிக்க வேண்டும். பிறவிக் குணமா? இடத்தின் வேறுபாடா? தனித்தனியாகக் கற்றதா? ஆபிரிக்காவின் பல சிம்பன்சி ஆய்விடங்கள் 1999இல் தங்கள் பதிவுகளை ஒன்றுசேர்த்தபோது, இடத்தின் வேறுபாட்டால் விளக்கக்கூடியவற்றைக் கழித்து, சில இடங்களில் வழக்கமாகவும் சில இடங்களில் இல்லாமலும் இருக்கும் 39 பழக்கங்களைப் பட்டியலிட்டார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் கழித்தல் முறையில் கற்றல் கண்ணால் தெரிவதில்லை.

எங்களுக்குப் பொருத்தமான முன்மாதிரி சிட்னியில் கிடைக்கிறது. அங்கே கொண்டை வெள்ளைக் கிளிகள் வீட்டுக் குப்பைத்தொட்டி மூடியைத் திறக்கப் பழகின. ஆய்வாளர்கள் ஊர்மக்களிடமே கேட்டார்கள்: உங்கள் பகுதியில் பார்த்தீர்களா, எப்போது? 2018க்கு முன் 3 புறநகர்கள். 2019 முடிவில் 44. பரவல் தாறுமாறாக இல்லை, கிட்டிய பகுதிகளுக்கு முதலில் போனது. திறக்கும் முறையும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஊர் ஊராக அடுத்தடுத்துக் கிடக்கும் நம் கரையோரத்தில் இதை அப்படியே செய்யலாம். குழாய் திறத்தல், தண்ணீர்த்தாங்கி மூடி கழற்றுதல், கடைக்குள் புகுந்து பொதி எடுத்தல், ஏதாவது ஒன்றைத் தெரிந்தெடுத்தால் போதும்.

கூட்டத்துக்குள் பார்க்கிறவர்களுக்கு வேலை வேறு. யார் முதலில் செய்தது, அடுத்து யார், அதற்கு முன் அது எத்தனை தடவை பக்கத்திலிருந்து பார்த்தது என்று வரிசையாக எழுதுங்கள். அந்த வரிசை ஏற்கெனவே வரைந்த சமூக வலையோடு ஒத்துப்போனால், அதாவது அதிகம் கூடியிருப்பவை முன்னும் ஓரத்தில் இருப்பவை பின்னும் பழகினால், பார்த்துக் கற்றதற்கு நல்ல சான்று. முயன்று தோற்றவற்றையும் எழுதுங்கள். பார்க்காமலே செய்த ஒன்று இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

யானைவேலிக்கும் இதே கேள்விதான். மரத்தைச் சாய்த்து, கட்டையை உதைத்து வேலி தாண்டும் தனியன்களைப் பற்றி அம்பாறையில் எல்லோரும் சொல்வார்கள். “ஒன்றைப் பார்த்து ஒன்று பழகுது” என்பார்கள். இருக்கலாம். ஆனால் மின்சாரம் இல்லாத நாளில் தற்செயலாகத் தொட்டுப் பழகியதாகவும் இருக்கலாம். உடைந்த இடம், திகதி, அன்று மின் இருந்ததா, எந்த யானை, கூட வந்தது எது என்ற ஐந்தையும் பதிந்தால்தான் பதில் வரும்.

ஊர்மக்களிடம் கேட்பது

திகதி கேட்டால் கிடைக்காது. எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு 78ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004 சுனாமியும்தான் நாட்காட்டி. அதை வைத்துக் கேளுங்கள்.

“ஐயா, குரங்கு குழாயைத் திறக்கிறதை முதல்ல எப்ப கண்டீங்க?”
“அது கனகாலம்.”
“சுனாமிக்கு முன்னமா, பின்னமா?”
“பின்னம். புது வீடு கட்டின பிறகுதானே குழாயே வந்தது.”

கடைசிப் பதிலைக் கவனியுங்கள். பழக்கம் தொடங்கிய காலமும் குழாய் வந்த காலமும் ஒன்றாகிவிட்டன. இதில் குரங்கைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். “குரங்கு கெட்டிக்காரன்தானே?” என்ற மாதிரி பதிலைக் கையில் கொடுத்துக் கேட்கவும் கூடாது. பரண்காவலர், பட்டிக்காரர், தேங்காய் பறிக்கிறவர் இவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். நாலுபேர் கூடிய இடத்தில் முதலாமவர் சொன்னதே நாலு பேருடைய கதையாகிவிடும்.

உங்கள் பாதுகாப்பு

குரங்கு கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய்த் தடுப்பூசி பற்றி அங்கே தீர்மானிப்பார்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் நிற்காதீர்கள். யானை நடமாடும் இடத்தில் பொழுது சாயுமுன் வெளியே வந்துவிட வேண்டும். குளக்கரையில் முதலை உண்டு.

பதிவைப் பாதுகாப்பது, வெளியிடுவது

அன்றைய கொப்பியை அன்றைக்கே படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். தட்டச்சு செய்த பிறகும் கொப்பியை எறிய வேண்டாம்.

வெளியிடும்போது கூட்டத்தின் சரியான இடத்தைச் சொல்லாமல் பிரதேச செயலகப் பிரிவு என்ற அளவில் நிறுத்துங்கள். 2025 மார்ச் 15 காலை, பயிரை அழிக்கும் குரங்கு, மந்தி, மரஅணில், மயில் எத்தனை என்று நாடு முழுக்க ஐந்து நிமிடத்தில் எண்ண அரசாங்கம் சொன்னது. எண்ணிக்கையைப் பற்றி வாதம் எழுந்தது. என் கருத்து, எத்தனை என்பதைவிட எந்தக் கூட்டம் எதைப் பழகியிருக்கிறது என்பதுதான் விவசாயிக்கு உதவும். வீட்டுக்குள் புகப் பழகிய கூட்டத்தைப் பிடித்து வேறு காட்டில் விட்டால், பழக்கமும் கூடவே போகும். அங்கேயுள்ள கூட்டமும் அதைப் பார்க்கும். இதை அனுமானமாக இல்லாமல் பதிவாகக் காட்ட இன்றைக்கு நம்மிடம் அதிகம் இல்லை. ஆகவே முடித்த ஆய்வின் ஒரு பிரதியைத் தமிழில் சுருக்கி, பிரதேச செயலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும், உங்களை உட்கார விட்ட வண்ணக்கருக்கும் கொடுங்கள். ஆளடையாளப் பக்கங்களை அடுத்த மாணவருக்கு ஒப்படையுங்கள். கீறலும் கோணவாலும் இன்னும் பல ஆண்டு அந்த வேம்பில் இருக்கக்கூடும்.